புதுப்பிப்பு: அம்மாவோட சிங்க்வே தெர்ரே, 2 நாள், போயிட்டு வந்தாச்சு

இத்தாலில சிங்க்வே தெர்ரேங்கிற அந்த அஞ்சு கடலோர ஊருக்கும் கார் எடுத்துட்டுப் போலாமானு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கார் வேணாம், பக்கத்துல இருக்கற லா ஸ்பெட்சியா நகரத்துல தங்கி ட்ரெயின்ல போங்கனு ஒருத்தர் சொன்னதுதான் சரியா வந்துச்சு. ட்ரெயின் சேர்ந்த சிங்க்வே தெர்ரே கார்டு வாங்கிட்டா லா ஸ்பெட்சியால இருந்து லெவாந்தோ வரைக்கும் அன்னைக்கு எத்தனை தடவ வேணா ஏறி இறங்கலாம், நடைபாதைக்கும் அதே கார்டுதான், ஊருக்கு ஊர் சில நிமிஷம்தான்.

எதிர்பார்க்காதது அஞ்சுல ஒண்ணான கொர்னிலியா. மத்த நாலும் கடலை ஒட்டி இருக்கு, இது மட்டும் பாறை மேல, ஸ்டேஷன்ல இருந்து 380 படிக்கு மேல ஏறணும், அம்மாவுக்கு முட்டி வலி வேற, பயந்தே போயிட்டேன். ஆனா ஸ்டேஷன் வாசல்லயே மேல போற குட்டி பஸ் நிக்குது, அதுக்கும் இந்த கார்டே போதும்.

ரெண்டாம் நாள் அலை அதிகம்னு படகு ஓடல. பரவால்ல, அம்மாவை இன்னொரு ஊரான வெர்னாட்சா துறைமுகத்துல உக்கார வச்சுட்டு நான் மட்டும் அடுத்த ஊரான மொந்தெரோஸ்ஸோவுக்குப் போற நடைபாதைல கொஞ்ச தூரம் ஏறினேன், அங்கருந்து திரும்பிப் பாத்தா ஊர் மொத்தமும் கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்குது, அவ்ளோ அழகு! செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கோங்க.