இன்ஸ்டால் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறி நிற்கிறதா?

தென்காசிப் பக்கம் அத்தான் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லா வேலையும் அங்கே இருக்கும் ஒரே கணினியில்தான் நடக்கும். 2014-இல் வாங்கியது. இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம் இரண்டு, அப்புறம் நான் மாட்டிக்கொடுத்த 240 ஜிபி எஸ்எஸ்டி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பத்திர நகலும் நிறைந்து கிடக்கிற கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, அவருடைய கோப்புகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தேன்.

முதல் முறை கோப்புகள் நகலாகிக்கொண்டிருந்த கோடு பாதியைத் தாண்டியதும் நின்றது. எரர் எண் 5, இன்புட்-அவுட்புட் பிழை என்று ஒரு பெட்டி. அதிலேயே சிடி கெட்டிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் பழசாகியிருக்கலாம், கணினியைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றெல்லாம் நீளமாக எழுதியிருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் உடனே எஸ்எஸ்டியைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் முறை டிஸ்கைப் பிரிக்கும் பக்கம் வருவதற்குள் மவுஸே உறைந்துவிட்டது. மூன்றாம் முறை கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் இன்ஸ்டாலர் எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டது.

பென்டிரைவை மாற்றினேன். முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க போர்ட்டில் சொருகினேன். வீட்டு மடிக்கணினியில் ஐஎஸ்ஓ கோப்பின் (மின்ட் முழுவதும் அடங்கிய இன்ஸ்டால் கோப்பு) எஸ்எச்ஏ256 எண்ணை, அதாவது கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்ணை, எடுத்து, மின்ட் தளத்தில் கொடுத்திருந்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், அச்சு அசலாகப் பொருந்தியது. (விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையே போதும்.) இதெல்லாம் முடிய ராத்திரி எட்டு மணி. ஐந்தாவது தடவையும் நின்றது, இந்த முறை வேறொரு சதவீதத்தில்.

அப்போதுதான் ஒரு தாளை எடுத்து எந்தெந்த இடத்தில் நின்றது என்று வரிசையாக எழுதினேன். ஐந்து தடவை, ஐந்து இடம்.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறேன். இன்ஸ்டால் நின்றுபோனால் உடனே எதையும் மாற்றாதீர்கள். அதே பென்டிரைவ், அதே போர்ட், அதே அமைப்பு, எதையும் தொடாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றால் அநேகமாக டிரைவர், பயாஸ் (கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் நிரல்) அமைப்பு, இல்லையென்றால் கெட்டுப்போன கோப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ராம், சூடு, பவர் சப்ளை, லூசான இணைப்பு, இந்தப் பக்கம் தேட வேண்டும். மென்பொருள் பிழை பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும்போது அதே இடத்தில் வரும். வன்பொருள் பழுதுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

சரி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை இன்னொரு பென்டிரைவில் எழுதி ஓட்டினேன். 6-ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) கணினிகளிலும் ஓடும், அதனால் பழைய பதிப்பைத் தேடி எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. இரண்டு ராமையும் கழற்றி, தங்க நிறத் தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். பல பேருக்கு இதிலேயே சரியாகிவிடும், எனக்கு ஆகவில்லை. ஒவ்வொன்றாகத் தனியாக மாட்டிச் சோதித்தபோது ஒன்றில் பிழையே வரவில்லை, மற்றதை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை. நல்ல ராமை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது, ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

இத்தனை நாள் விண்டோஸ் 10 எப்படி ஓடியது என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பென்டிரைவில் இருக்கும் மின்ட் முழுக்கச் சுருக்கி வைத்த ஒரே பெரிய கோப்பு, அதை ராமில் விரித்து விரித்துத்தான் டிஸ்கில் எழுதுகிறது. விரிக்கும்போது ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டு முழுவதும் படிக்க முடியாமல் போகும், அதைத்தான் அது டிஸ்க் பழுது மாதிரி காட்டுகிறது. சாதாரண வேலையில் அந்தக் கெட்ட பகுதியைத் தொடாமலே பல நாள் போகலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கே மாதத்துக்கு ஒரு தடவை நீலத் திரை வந்துகொண்டுதான் இருந்தது, வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் செய்து காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு அதைவிட வருத்தம், அந்த ராம் வழியாகப் போய்ச் சேமிக்கப்பட்ட கோப்புகள். திறக்காத சில பழைய பிடிஎஃப்-களைப் பிற்பாடு கண்டோம்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நீங்கள் சொன்ன இரண்டில் என்னுடையது முதல் வகை, ஒரே இடத்தில் நிற்கிற வகை. என் மகளின் கல்லூரி மடிக்கணினி, என்விடியா கிராபிக்ஸ் உள்ளது. உபுண்டு 24.04 (இதுவும் ஒரு லினக்ஸ்) பென்டிரைவில் போட்டு, மெனுவில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் கருப்புத் திரை, விசிறி மட்டும் சுற்றும். பத்துத் தடவை செய்தாலும் அதே கருப்பு. கணினியே செத்துவிட்டது என்று அவள் அழுதே விட்டாள், செமஸ்டர் புராஜெக்ட் அதில் இருந்தது.

மெனுவிலேயே இரண்டாவது வரியில் சேஃப் கிராபிக்ஸ் என்று இருக்கிறது (மின்டில் அதுவே கம்பேட்டிபிலிட்டி மோட்). அதில் போனதும் திரை வந்துவிட்டது. அது முக்கியமாகச் செய்வது, கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுக்கிறது, அதாவது கிராபிக்ஸ் அட்டையை நீ கையாள வேண்டாம் என்று சொல்கிறது. இன்ஸ்டால் முடிந்து முதல் தடவை திறக்கும்போது திரும்பவும் கருப்பு வரலாம், எங்களுக்கு வந்தது. அப்போது கிரப் மெனுவை (கணினி திறக்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் பட்டியல்) வரவைத்து, ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அந்தச் சொல்லை நாமே தட்டி எஃப்10 அழுத்த வேண்டும். உள்ளே போனதும் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டுவிட்டால் பிறகு அந்தச் சொல் தேவைப்படாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு அமைப்பு) போட்டிருந்தால் அந்த டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். அது கிராஷ் இல்லை! மோக் மேலாண்மை என்ற பக்கம், இந்த டிரைவரை நம்பலாம் என்று நாம் கணினிக்குச் சொல்லும் இடம். என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால் டிரைவர் வேலை செய்யாது, மறுபடி முதலிலிருந்து.

* * *

நீலத் திரை விஷயம் நல்லதாகச் சொன்னீர்கள் அம்மா, எனக்கே ஒரு தடவை அந்தக் குழப்பம் வந்திருக்கிறது.

இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை என்று கேட்டவருக்கு: பயாஸில் சேட்டா (டிஸ்க் இணைப்பு) அமைப்பு ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கிறதா பாருங்கள், அதை ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் பெரும்பாலும் தெரியும். ஆனால் அதே டிஸ்கில் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், அடுத்த தடவை விண்டோஸ் திறக்காமல் போகும், அதை முதலில் சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டுத்தான் பயாஸுக்குப் போக வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பாதுகாப்பு) இருந்தால் இன்னும் கவனம். புது மடிக்கணினிகள் பலவற்றில் நாம் போடாமலே அது போடப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டையோ இந்த அமைப்பையோ தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. முதலில் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலே நிற்கிறவர்கள் அந்தத் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்துங்கள், கமாண்ட் பிராம்ப்ட் வரும், பாந்தர் என்ற கோப்புறையில் எந்தப் படியில் நின்றது என்று பதிவு இருக்கும். 80070570 என்று முடியும் எண் வந்தால் கோப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓ சரியாக இருந்தும் அது வந்தால் என் கதைதான், ராமைப் பாருங்கள்.

அத்தானுக்குப் பழைய சந்தையில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கி மாட்டியாயிற்று. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு, காலையில் பிழை பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கடையைத் திறந்தோம். தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக் கொடுத்தேன், இப்போது மூன்று மாதமாக ஓடுகிறது.