எட்டு வருடம் தறிக்காத பூவரசம் வேலி: என் அனுபவம்

யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் வளவின் வடக்கு வேலி பூவரசும் கிளுவையும் கலந்தது. அப்பா இருந்தவரை ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், அதைத் தறித்துவிடுவார். அவர் போன பிறகு எட்டு வருடம் ஒருவரும் கை வைக்கவில்லை. கதியாலாக, அதாவது வேலிக்கென்று ஊன்றும் பச்சைத் தடியாக, நட்டதெல்லாம் மரமாகிவிட்டது. கிளுவை மணிக்கட்டுத் தடிப்பு, பூவரசு சில இடங்களில் தொடைத் தடிப்பு. கொப்புகள் ஒழுங்கையில் பாதியை மூடிவிட்டன. அடிப்பக்கம் வெயிலே படாமல் இலையெல்லாம் போய், நாய் புகுந்து போகும் அளவுக்குப் பொட்டுகள் விழுந்திருந்தன.

2023 புரட்டாதியில் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிளுவை இரண்டு வெட்டில் போனது. அந்தத் துணிவில் ஒரு பெரிய பூவரசங்கொப்பை மேலிருந்து வெட்டத் தொடங்கினேன். பாதி வெட்டும்போதே கொப்பு தன் பாரத்தில் சரிந்து, அடிமரத்தின் தோலை இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. அப்பா நட்ட மரம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

ஒழுங்கையால் போன பக்கத்து வளவு ஐயா படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, மேலாலை மட்டும் வெட்டாதையும். முதல் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிடும். பிறகு மேலாலை அறும். தோல் உரியாது.”

“கத்தியாலை கீழ்ப்பக்கம் வெட்டேலாதே ஐயா?”

“அதுக்குத்தான் வாள் இருக்கு.”

அன்று பின்னேரமே இரும்புக்கடையில் வளைந்த அலகுள்ள கைவாள் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கம் தடிப்பில் நாலிலொரு பங்கு அறுப்பேன். வாள் இறுகத் தொடங்கினால் நிறுத்திவிடுவேன். அப்புறம் அந்த வெட்டுக்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து அறுப்பேன். கொப்பு முறிந்தாலும் தோல் உரிவது கீழ் வெட்டோடு நின்றுவிடும். மிஞ்சிய கட்டையில் பாரம் இல்லை என்பதால் அதை ஆறுதலாக அறுக்கலாம். அடிமரத்தோடு ஒட்ட அறுக்காமல், கொப்பு தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்தப் புடைப்பை விட்டு அறுத்தேன். காயம் மூடுவது அந்தப் புடைப்பிலிருந்துதான்.

அடிமரங்களை நெஞ்சளவு உயரத்தில் சரிவாக அறுத்தேன். மட்டமாக அறுத்தால் மழைத்தண்ணீர் தேங்கி உக்கும். முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தறித்தேன். மற்றவற்றை அடுத்த வருடம் தறித்தேன். நடுவில் ஒரு இடத்தில் செம்பகம் கூடு வைத்திருந்தது, அந்த மூன்று முழத்தைத் தொடவேயில்லை.

குழை முழுவதையும் ஐயாவின் ஆடுகளுக்குக் கொடுத்தேன். ஆடு தின்னாமல் விட்டதை வாழைக் கிடங்கில் தாழ்த்தினேன். தடித்த பூவரசு விறகாயிற்று. மணிக்கட்டுத் தடிப்பில் நேராக இருந்த கிளுவைத் தடிகளை மட்டும் எறியவில்லை. ஆறடிக்கு வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, சில நாள் நிழலில் வைத்து, தலைப்பில் சாணி அப்பி, முதல் மழை மண்ணில் இறங்கியதும் பொட்டுகளில் கதியாலாக நட்டேன். தலைகீழாக நட்டுவிடாமல் அடிப்பக்கத்துக்குக் கரியால் குறி போட்டு வைத்திருந்தேன். பதினேழு நட்டதில் பதின்மூன்று தளிர்த்தன.

அந்தத் தோல் உரிந்த பூவரசும் பிழைத்துவிட்டது. உரிந்த இடத்தின் ஓரத்தில் புதுத்தோல் சுருண்டு வருகிறது.

*

இதை வாசித்தவர்கள் எழுதியவை. கொக்குவிலிலிருந்து:

எங்கள் வேலி சீமைக்கிளுவை. நான் செய்த பிழை வேறு. அறுக்கப்போகும் கொப்பிலேயே ஏணியைச் சாத்திவிட்டேன். கொப்பு போனதும் ஏணியும் போனது. வலது கை மூன்று கிழமை தூக்க முடியவில்லை. எட்டாத உயரத்துக்கு இப்போது நுனியில் கொக்கி கட்டிய நீளமான கொக்கத்தடிதான், தரையில் நின்றபடி. மின்கம்பியைத் தொடும் கொப்பு என்றால் அதுவும் வேண்டாம். மின்சார சபைக்குச் சொல்லிவிடுங்கள், பச்சைக் கொப்பு மின்சாரம் கடத்தும்.

*

சாவகச்சேரியிலிருந்து:

முள்முருக்கு உள்ள வேலியில் முழுக்கைச் சட்டை போடாமல் இறங்காதீர்கள். முள்ளாவது கண்ணுக்குத் தெரியும், இலைக்கு அடியில் இருக்கும் மசுக்குட்டி (மயிர்ப்புழு) தெரியாது. எனக்குக் கழுத்து முழுவதும் தடித்துப்போய் இரவு நித்திரையில்லை. முசுறு எறும்பின் கூடு வேறு. இப்போது முதலில் நீளத்தடியால் கொப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போகிறேன். எங்கள் முருக்கில் ஒரு நேர்க்கொப்பை மட்டும் தறிக்காமல் விட்டிருக்கிறோம், தைமாதம் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கன்னிக்கால் (பந்தலுக்கு முதலில் நடும் கால்) நட.

*

நல்லூரிலிருந்து:

அண்ணா, எங்கள் எல்லை வேலியை நான் சொல்லாமல் தறித்துவிட்டேன். குழை எல்லாம் அடுத்த வளவுக்குள் விழுந்து அவர்களின் கத்தரிக்கன்று நாலு நசிந்துபோனது. வேலி எங்களுடையதுதான், ஆனால் கன்று அவர்களுடையது. அந்த வளவு மாமி இரண்டு மாதம் முகம் தரவில்லை. பிறகு கிளுவைக் கதியால் பத்து வெட்டிக்கொண்டு போய், அவர்களின் கிணற்றடிப் பக்கத்துப் பொட்டை நானே நட்டு அடைத்துக் கொடுத்தேன். “தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை” என்றார். இந்தப் புரட்டாதியில் இரண்டு பேரும் சேர்ந்து தறிப்பதாகப் பேச்சு. நீங்கள் சொன்ன கீழ் வெட்டை மாமிக்கும் காட்டப்போகிறேன்.