கடலோர நாவல்களும் வரலாற்று நூல்களும்: எதை எதற்காக நம்புவது?

மண்டபம் வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில் படிப்பதற்கென்று, கடலோரத்தைப் பற்றிய சில நாவல்களையும் கட்டுரை நூல்களையும் எடுத்து வைத்திருந்தேன். அவற்றைப் பற்றிய என் கருத்தைச் சொல்லி, ஓர் ஐயத்தையும் கேட்க விரும்புகிறேன்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ அளவில் சிறியது. வல்லம் என்னும் நாட்டுப்படகு வைத்திருக்கும் வல்லக்காரர்களுக்கும், விசைப்படகு வைத்திருக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் மூளும் பகை அதில் வருகிறது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குச் செல்லும் நாள்களைப் பிரித்துக் கொடுத்த பிறகும் சச்சரவு ஓயாத பாக் நீரிணைக் கரையில் வளர்ந்த எனக்கு, வல்லத்தை விற்கச் சொல்லும் மகனுக்கு முன்னால் தவிக்கும் குரூஸ் மிக்கேல் அயலாராகத் தோன்றவில்லை. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இதற்கு நேர்மாறானது. 1933 முதல் 1985 வரை ஓர் ஊரின் மூன்று தலைமுறைகளைச் சொல்ல முனைவதால், யார் யாருக்கு மகன் என்பதே பாதியில் குழம்பிவிடுகிறது. நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மூவரின் பகுதிகள் வரும்போதுதான் நாவல் நிமிர்ந்து நிற்கிறது.

என் ஐயம் அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ பற்றியது. இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காகத் தம் தந்தை கட்டிய படகைப் புயல் கொண்டுபோனதாகக் கூறும் இடத்தில், பயணிகள் நிறைந்த ரயிலோடு பாம்பன் பாலமும் இடிந்து விழுந்ததாக அவர் எழுதுகிறார். ரயில் போனது தனுஷ்கோடிக்கு அருகில் என்றே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தன்வரலாற்றிலேயே இப்படியென்றால், உண்மைக்குக் கட்டுப்பட வேண்டிய கடமை இல்லாத நாவலை எந்த அளவுக்கு நம்பலாம்?

இராமேஸ்வரத்திலிருந்து ஒரு மறுமொழி:

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே சரி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்பாகக் கடல் விழுங்கியது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்கள் பலவும் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் அந்த ரயில் பாலத்தின் மேல் நிற்கவில்லை. மேலும், 1931இல் பிறந்த கலாமுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. படகு போனதோ அவருடைய சிறுவயதில். சிறுவயதுப் புயலின் மேல் பிற்காலப் புயலின் சேதி ஏறிக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன். இந்தத் தீவில் வயதானவர்கள் புயலைப் பற்றிப் பேசும்போது, எந்த ஆண்டின் காற்றைச் சொல்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது.

இதற்காக அந்த நூலின் முதற்பகுதியை ஒதுக்கிவிட மாட்டேன். போர்க்காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டதால், தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து நாளிதழ்க் கட்டுகளை வீசியதையும், அவற்றைப் பொறுக்கி எடுத்து உறவினர் சம்சுதீனுக்கு உதவி முதல் கூலி பெற்றதையும் எந்த ஆவணம் எழுதி வைத்திருக்கும்? தம் கையால் செய்ததை அவர் சொல்லும்போது நம்புகிறேன். ஊர் முழுவதும் கேள்விப்பட்டதைச் சொல்லும்போது வேறு சான்றைத் தேடுகிறேன். நாவலுக்கும் எனக்கு இதே அளவுகோல்தான்: ஆண்டையும் எண்ணிக்கையையும் அதனிடம் கேட்பதில்லை, வல்லத்தை விற்றவனுக்கு மறுநாள் விடிந்தது எப்படி என்று கேட்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு மறுமொழி:

இராமேஸ்வரம் நண்பர் சற்றுத் தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறார். பள்ளி மாணவர்களுக்குப் பரிசாக வழங்கும் ஒரு நூலில் இத்தகைய பிழைக்கு அடிக்குறிப்பு ஒன்று சேர்ப்பதில் யாருக்கும் குறை வந்துவிடாது.

நாவலைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை அண்மையில் மீண்டும் படித்தேன். ஊரையே தம் கைக்குள் வைத்திருக்கும் முதலாளி, அவருக்குத் தலைவணங்க மறுக்கும் சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) வியாபாரி மஹ்மூது, ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழும் எதிர்ப்பு ஆகிய மூன்றும் குமரி மாவட்டத்து ஊரொன்றுக்கு உரியவை. ஆனாலும் எங்கள் தெருக்களில் இதைப் படித்தவர்கள் முதலாளிக்குத் தத்தம் மனத்தில் வேறு பெயர் சூட்டிக்கொண்டுதான் படித்திருப்பார்கள். சங்கும் முத்தும் எடுத்து, மரக்கலம் ஓட்டி வணிகம் செய்த எங்கள் கரையை இவ்வளவு கூர்மையாகவும் தன்னையே விட்டுவைக்காமலும் எழுதிய நாவல் ஒன்றை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். வள்ளல் சீதக்காதியின் கொடையைப் பாடும் பாடல்கள் அந்த இடத்தை நிரப்பிவிடாது.

தொண்டியிலிருந்து ஒரு மறுமொழி:

மண்டபம் நண்பர் வரலாற்று நூலென்று எதையும் குறிப்பிடவில்லை. ஆகவே ஒன்றைச் சொல்கிறேன். எஸ். எம். கமாலின் ‘விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்’, 1795இல் கும்பெனியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) பதவி நீக்கிச் சிறைவைத்த இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி, 1809இல் சிறையிலேயே இறந்தது வரையிலான வரலாறு. மன்னர்பால் ஆசிரியருக்கு இருக்கும் பரிவு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அதை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே படிக்க வேண்டும். நடை சில இடங்களில் வறண்டது. எனினும், இராமநாதபுரம் சீமையின் வருவாயும் நெசவு வணிகமும் கும்பெனியோடு ஏன் மோதின என்பது பிடிபடத் தொடங்கியதும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. தமிழ் விக்கிமூலத்தில் கமாலின் நூல்கள் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

‘ஆழி சூழ் உலகு’க்கு, முதல் நூறு பக்கங்களைப் படிக்கும்போதே ஒரு தாளில் வம்சக்கொடியை எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் படித்தேன். அந்தத் தாள் இன்னும் என் பிரதிக்குள்ளேயே இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.