அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் தொலைக்காட்சி நடிகர்களானது எப்படி?

கேள்வி:
அமெரிக்கக் கால்பந்தில் பேரும் புகழும் பெரும்பாலும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கே போய்ச் சேரும். ஆனால் 1970, 80களில் அந்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் நிலைத்து நின்ற மெர்லின் ஓல்சன், ஃப்ரெட் டிரையர், அலெக்ஸ் கேரஸ் ஆகிய மூவருமே தற்காப்பு வரிசையில் ஆடியவர்கள். ஆட்டம் முழுவதும் தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்திருந்தவர்கள். இவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது உடற்கட்டுக்காகவா, பழைய புகழுக்காகவா, நடிப்புக்காகவா?

பதில் 1:
ஊரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓல்சன் 1962 முதல் 1976 வரையிலும், டிரையர் 1972 முதல் 1981 வரையிலும் ஆடியது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு. படப்பிடிப்புத் தளங்கள் அவர்கள் வசித்த பகுதியிலேயே இருந்தன. 1977 வரை ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள்தாம் என்பதாலும், அன்றைய சம்பளம் இன்றைய அளவுக்கு இல்லை என்பதாலும், ஓய்வு மாதங்களில் வேறு வேலை பார்ப்பது வீரர்களிடையே வழக்கமாக இருந்தது. ஓல்சன் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். விளையாடிக்கொண்டிருந்தபோதே, 1969இல் நடிகர் ஜான் வெய்னின் படமொன்றில் தலைகாட்டினார். அதனால் 1977இல் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ தொடரில் விவசாயி ஜோனதன் கார்வியாக வந்தபோது, கேமரா அவருக்குப் புதிதல்ல.

பதில் 2:
புகழ் எதுவரை உதவும் என்பதற்கு டிரையரே நல்ல சான்று. பந்தை வைத்திருக்கும் எதிரணி வீரரை அவருடைய அணியின் எல்லைக் கட்டத்துக்குள்ளேயே வீழ்த்தினால் ‘சேஃப்டி’ என்று இரண்டு புள்ளி கிடைக்கும். அதை ஒரே ஆட்டத்தில் இருமுறை செய்தவர் அவர் (1973, கிரீன் பே அணிக்கு எதிராக). ஆயினும் 1982இல் தொடங்கிய ‘சியர்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் நாயகன் சாம் மலோன் முன்னாள் கால்பந்து வீரராகவே முதலில் திட்டமிடப்பட்டு, இறுதித் தேர்வு வரை டிரையர் வந்த பிறகும், வேடம் டெட் டான்சனுக்கே போனது. பாத்திரமும் பேஸ்பால் வீரராக மாற்றப்பட்டது. நிஜ வீரரை விட்டுவிட்டு நடிகருக்கு ஏற்றபடி விளையாட்டையே மாற்றினார்கள் என்றால், அந்த அறையில் எதற்கு மதிப்பு இருந்தது என்பது தெளிவு. டிரையர் அதே தொடரில் விளையாட்டுச் செய்தியாளராகச் சிறு வேடத்தில் நடித்தார். பிறகு 1984 முதல் 1991 வரை ‘ஹண்டர்’ தொடரில் துப்பறியும் காவலராக நாயகன் ஆனார்.

பதில் 3:
ஊர்தான் காரணம் என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. கேரஸ் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காரர். பந்தயம் கட்டியதற்காக 1963 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டவர். 1968இல் ‘பேப்பர் லயன்’ படத்தில் அலெக்ஸ் கேரஸ் என்ற தம் சொந்த வேடத்திலேயே நடித்தார். 1974இல் ‘பிளேசிங் சாடில்ஸ்’ படத்தில் ஒரே குத்தில் குதிரையைச் சாய்க்கும் முரடனாக வந்தார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் அடியாள் வேடங்களோடு அவர் கதை முடிந்திருக்கும். 1983 முதல் 1989 வரை ஓடிய ‘வெப்ஸ்டர்’ தொடரிலோ ஒரு சிறுவனின் வளர்ப்புத் தந்தையாக, தம் சொந்த மனைவி சூசன் கிளார்க்குடன் இணைந்து நடித்தார். மலை போன்ற உடம்பு ஒரு வீட்டுக் கூடத்தில் குழந்தைக்குப் பணிந்து நிற்பதில்தான் அந்தப் பாத்திரத்தின் சுவை இருந்தது. உடற்கட்டு உதவியது உண்மை. ஆனால் அதற்கு எதிர்த்திசையில் நடித்ததால்தான் உதவியது. ஓல்சனின் கார்வியும் அப்படி அமைந்த சாதுவே.

பதில் 4:
டெரி க்ரூஸையும் சேர்த்துப் பாருங்கள். அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், 1991இல் ராம்ஸ் அணி அவரை 11ஆம் சுற்றில்தான் எடுத்தது. எந்த அணியிலும் நிலையான இடம் அமையவில்லை, வருமானத்துக்காகச் சக வீரர்களின் உருவப்படங்களை வரைந்து கொடுத்தார். பழைய புகழ் என்று எதுவுமே இல்லாதவர், 2013 முதல் 2021 வரை ‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ தொடரில் மகள்களை நினைத்து உருகும் சார்ஜென்டாக நின்று காட்டினார்.

தற்காப்பு வரிசையினர் மட்டுமே வந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம்: 1981 முதல் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ தொடரில் காவலராக நடித்த எட் மரினாரோ, பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்.