வாப்பா சீபேப் மெசினோட உம்ரா குறூப்பில போறார்: வான்ல போட்டா நிண்டு போகுது, ஏஜென்ட் கையில கொண்டு போக ஏலா எண்டுறார்

அக்கரைப்பற்று மகன்:
அஸ்ஸலாமு அலைக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லித் தாங்க.

வாப்பாவுக்கு 64 வயசு. தூக்கத்தில மூச்சு அடைபடுற வருத்தம், ஸ்லீப் அப்னியா. மாஸ்க்கால காத்த ஊதி மூச்சு அடைபடாம வெச்சிருக்கிற சீபேப் மெசின் (ரெஸ்மெட் எயார்சென்ஸ் 10) பாவிக்கிறார். அது வந்த பிறகு குறட்டையும் இல்ல, பகல்ல தூங்கி விழுறதும் இல்ல. அடுத்த மாசம் உம்மாவோட உம்ரா போறார். நான் கூடப் போகல்ல, அதுதான் யோசனை. ரூம் நாலு பேருக்கு ஒண்டு, ஆம்பிளையள் வேற பொம்பிளையள் வேற. அதால ராவைக்கு உம்மாவும் பக்கத்தில இருக்க மாட்டா.

ஏஜென்ட் சொல்றார் மெசினப் பெரிய பேக்ல போட்டு லக்கேஜ்ல விடச் சொல்லி. சரியா அது?

மற்றது, கட்டுநாயக்காவுக்கு வான்ல ராவுப் பயணம். வழியில பாவிக்கலாம் எண்டு 150 வோட்ஸ் இன்வேர்ட்டர் ஒண்டு வாங்கி, சிகரட் சொக்கட்டில குத்திப் பார்த்தம். கொஞ்ச நேரம் ஓடுது, மறுகா பொத்தெண்டு நிக்குது. வீட்டுக் கரண்ட்ல ஒரு பிரச்சினையும் இல்ல. சவூதியில 60 ஹேர்ட்ஸ் கரண்டாம், அங்கயும் இப்படி நிண்டா என்ன செய்யிறது?

வாப்பாட கேள்வி ஒண்டும் இரிக்கி: மெசின்ட தண்ணித் தொட்டிக்குள்ள மக்காவில உள்ள ஸம்ஸம் கிணத்துத் தண்ணி ஊத்தலாமாம்?

மட்டக்களப்பு பயோமெடிக்கல்:
தம்பி, மெசின் பழுதில்லை. அந்த இன்வேர்ட்டர்தான் தாங்கேல்லை.

உங்கட மெசின்ர பவர் அடப்டர் 90 வோட்ஸ். காத்தை ஊதுற மோட்டர் பெரிசா கரண்ட் இழுக்காது. இழுக்கிறது தண்ணியச் சூடாக்குற ஹியூமிடிஃபயரும் சூடாகிற குழாயும். வானில சிகரட் சொக்கட்டுக்கு 10 அம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தா, 12 வோல்ட்டுக்கு 120 வோட்ஸ்தான் மொத்தமே. அதுக்குள்ள இன்வேர்ட்டர் தானும் கொஞ்சம் திண்டுபோடும். மலிவு இன்வேர்ட்டரில 150 எண்டு எழுதியிருக்கும், தொடர்ந்து குடுக்கிறது அதை விடக் குறைய. தண்ணி சூடேறத் தொடங்கினதும் நிக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

முதல்ல ஹியூமிடிட்டியையும் டியூப் சூட்டையும் ஓஃப் பண்ணிப் போட்டு ஓட விட்டுப் பாருங்க. பெரும்பாலும் நிக்காது. அப்பவும் நிண்டா இன்வேர்ட்டரை மறந்துட்டு, இந்த மெசினுக்கெண்டே வாற டிசி கொன்வேர்ட்டர் வாங்குங்க. வான்ட 12 வோல்ட்டை மெசினுக்கு வேணுமான 24 வோல்ட்டா அது ஆக்கிக் குடுக்கும். நேர 12 வோல்ட் வயரை வெட்டி ஒட்டுற வேலை மட்டும் வேணாம்.

60 ஹேர்ட்ஸுக்குப் பயப்பிடத் தேவையில்லை. அடப்டர்ல சின்ன எழுத்தில 100-240 வோல்ட், 50-60 ஹேர்ட்ஸ் எண்டு இருக்கும், பாருங்க. அங்க சொக்கட்டும் எங்கட சதுர மூண்டு பின்தான்.

சாய்ந்தமருது காக்கா:
வஅலைக்கும் சலாம் தம்பி. போன வருசம் நானும் இதே மொடல் மெசினோடதான் போய் வந்த.

ஏஜென்ட் சொல்றதக் கேக்காதீங்க. மெசின் லக்கேஜ்ல போகவே படாது. உடைஞ்சிரும் எண்டதுக்காக மட்டும் இல்ல. மதீனாவில இருந்து மக்காவுக்குப் போகக்குள்ள பேக்கெல்லாம் வேற வாகனத்தில ஏத்தினாங்க. ஆக்கள் வந்து குளிச்சு, உம்ராவையும் முடிச்சுத் தூங்கப் போற நேரம் வரைக்கும் பேக் ஹோட்டலுக்கு வரல்ல. மெசின் கையில இருந்ததால நான் தப்பின. வாப்பா எங்க தூங்குறாரோ அங்க மெசின் இருக்கணும். ஏஜென்ட்டுக்கு இது ஒரு பேக், உங்களுக்கு அது மூச்சு.

டொக்டர்ட இங்கிலீஸ்ல கடிதம் ஒண்டு எடுங்க. பாஸ்போட்ல உள்ள அதே பேர், வருத்தத்திர பேர், மெசின்ட பேர், பிரஷர் அளவு எல்லாம் இருக்கட்டும். அதோட விமானக் கொம்பனிக்கு நீங்களே மெயில் போடுங்க, ஏஜென்ட்ட விடாதீங்க. மருத்துவ மெசின கைப்பைக்கு மேலதிகமா விடுற கொம்பனிகள் கனக்க இரிக்கி, ஆனா எழுத்தில பதில் இருந்தாத்தான் கவுண்டர்ல வாய் திறக்கலாம். செக்கிங்ல மெசின வெளிய எடுத்து வைக்கச் சொல்லுவாங்க. ஒரு சுத்தமான பொலித்தீன் பைக்குள்ள போட்டு வைங்க, தட்டில உள்ள ஊத்தை மூக்குக்குள்ள போகாம. தொட்டியில சொட்டுத் தண்ணி இருக்கப்படாது, கவிழ்ந்தா மோட்டருக்குள்ள போயிரும்.

அடுத்தது நித்திரை. இங்க வாப்பா இஷாவுக்குப் பிறகு படுத்து சுபஹுக்கு எழும்புவார். அங்க அப்படி இல்ல. தஹஜ்ஜுத் எண்ட ராவுத் தொழுகைக்கு ரெண்டு மணிக்கே குறூப் கிளம்பும், சுபஹு முடிஞ்சு வந்து ஒரு தூக்கம், லுஹருக்குப் பிறகு ஒரு தூக்கம். "கொஞ்ச நேரம்தானே" எண்டு மாஸ்க் போடாமச் சாய்வார். அந்தக் கொஞ்ச நேரங்கள்தான் அங்க முழு நித்திரையும். ஒவ்வொரு தூக்கத்துக்கும் போடச் சொல்லுங்க. எழும்பினா முழு மாஸ்க்கையும் கழட்டத் தேவையில்ல, குழாயை மட்டும் கழட்டிட்டு பாத்ரூம் போய் வரலாம்.

நீளமான வயரோட ஒரு மல்டி பிளக் கட்டாயம். நாலு கட்டில் ரூம்ல சொக்கட் எப்பவும் தூரத்திலதான். அதிலயும் மூணு பேர் போன் சார்ஜ் போட்டிருப்பாங்க.

கல்லடி அண்ணன்:
நான் கதிர்காமத்துக்கு பஸ் குறூப்போட மெசின் கொண்டு போறனான். தண்ணிக்கு பெட்ரோல் செட்டில விக்கிற பெட்டரி வாட்டர்தான் ஊத்துறன். அதுவும் வடிச்ச தண்ணிதானே, விலையும் மலிவு.

மட்டக்களப்பு பயோமெடிக்கல்:
அண்ணை, அதை விடுங்க. உப்பு எடுத்த தண்ணிதான், ஆனா ஆள் சுவாசிக்கிறதுக்கெண்டு சுத்தம் பார்த்து அடைச்சதில்லை. போத்தல் எதில இருந்தது, எத்தனை நாள் வெயில்ல கிடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பார்மசியில டிஸ்டில்ட் வாட்டர் எடுங்க. ரெண்டொரு ராவுக்குக் கிடைக்காட்டி போத்தல் தண்ணி போதும், கொதிக்க வெச்சு ஆற விட்டு ஊத்தலாம். எங்கட கடற்கரைக் கிணத்துத் தண்ணி மட்டும் வேணாம், தொட்டியில வெள்ளையாப் படியும்.

தம்பி, ஸம்ஸமுக்கும் அதே பதில்தான். கல்சியம், மெக்னீசியம் கூடின தண்ணி. சூடாக்குற தட்டில கல்லுப் பிடிக்கும். இன்னொண்டு: அங்க காத்து காய்ஞ்சது, ரூமில ஏசியும் ஓடும். இங்க ஈரக் காத்தில ஹியூமிடிட்டி 2, 3 இல வெச்சிருப்பார் எண்டு நினைக்கிறன். அங்க தொண்டை காய்ஞ்சா 5 வரைக்கும் கூட்டலாம். தொட்டி 380 மில்லிலீட்டர்தான், கூட்டினா சுறுக்கா முடியும், படுக்க முந்தி நிரப்பச் சொல்லுங்க.

சாய்ந்தமருது காக்கா:
ஸம்ஸத்தில எனக்கு வேற ஒரு யோசனையும் வந்த. காலையில மிஞ்சினத எங்க ஊத்துவார்? பாத்ரூம்லயா? அத வாப்பாட்டச் சொல்லுங்க, மறுபேச்சு இருக்காது. குடிக்கத்தான் அது.

டிஸ்டில்ட் வாட்டர அங்க பார்மசியில "மா முகத்தர்" எண்டு கேட்டா விளங்கும். முதல் ராவுக்கு மட்டும் ஒரு சின்னப் போத்தல லக்கேஜ்ல போட்டு விடுங்க.

நிந்தவூர் மருமகள்:
உம்ராவுக்கு நிய்யத் வெச்சு, வெள்ளத் துணி கட்டி இருக்கிற இஹ்ராம்ல மாஸ்க் போடலாமா எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே? தலையச் சுத்திப் பட்டி வருதே. எங்கட மாமா போகக்குள்ள இதுதான் பெரிய பேச்சு.

சாய்ந்தமருது காக்கா:
நல்ல கேள்வி புள்ள. ஆம்பிளைக்கு இஹ்ராம்ல தலைய மூட ஏலா. மாஸ்க்கிட பட்டி மூடுற கணக்கில வருமா வராதா எண்டு நான் சொல்லப்படாது. மாஸ்க்கக் கொண்டு போய் மார்க்கம் படிச்ச ஹஸ்ரத்துக்குக் காட்டிக் கேளுங்க, படம் காட்டினா போதாது, பட்டிட அகலத்த அவர் பார்க்கணும். வருத்தக்காரருக்குத் தேவை வந்தா ஃபித்யா எண்ட பரிகாரத்தோட அனுமதி இரிக்கி எண்டது குர்ஆன்லயே உள்ளது, சூரா பகரா 196. அதால "பாவம் வந்திரும்" எண்டு மூச்சடைக்கக் கிடக்கத் தேவையில்ல.

ஆனா கேள்வியே வராமலும் பண்ணலாம். மதீனா முதல் போற குறூப் எண்டா மதீனாவுக்குப் பக்கத்தில துல்ஹுலைஃபாவில இஹ்ராம் கட்டி, மக்கா போய், உம்ராவ முடிச்சு முடி இறக்கிட்டுப் படுத்தாச் சரி. இஹ்ராமோட படுக்க வேண்டியே வராது. நேர ஜித்தா போற குறூப் எண்டா ராவு பிளைட்ல இஹ்ராமோட இருக்க வேண்டி வரும். எது முதல் எண்டு ஏஜென்ட்டக் கேளுங்க.

அக்கரைப்பற்று மகன்:
ஜஸாக்கல்லாஹு கைர் எல்லாருக்கும். ஹியூமிடிட்டிய ஓஃப் பண்ணினதும் இன்வேர்ட்டர்ல நிக்காம ஓடிச்சு. மதீனாதான் முதல். விமானக் கொம்பனியும் மெயில்ல ஓம் எண்டுட்டாங்க, டொக்டர் கடிதத்தோட கையில கொண்டு வரட்டாம். அத பிரிண்ட் எடுத்து ஏஜென்ட்டுக்கும் ஒண்டு குடுத்த. ஒண்டும் பேசல்ல.

மாஸ்க் போடுறது, தொட்டி நிரப்புறது எல்லாத்தையும் வாப்பாட போன்லயே வீடியோ எடுத்து வெச்சிருக்கன். ரூம்ல உள்ள மத்தவங்க சத்தம் எண்டு சொல்லுவாங்களோ எண்டு வாப்பாவுக்கு வெக்கம். மற்றது, பெட்டரி ஒண்டும் வாங்கவா?

சாய்ந்தமருது காக்கா:
சத்தமா? குறட்டையோட பார்த்தா மெசின் ஊமை. ஆனா முதல் ராவே மத்த மூணு பேருக்கும் காட்டிச் சொல்லட்டும். எங்கட ரூம்ல ஒருத்தர், எனக்கு ஒக்சிசன் ஏத்துறாங்க எண்டு நினைச்சு, மௌத்தாகப் போறவருக்கு ஓதுற யாசீன ஓதத் தொடங்கிட்டார்.

மட்டக்களப்பு பயோமெடிக்கல்:
ஹோட்டல்ல மட்டும் படுக்கிற பயணத்துக்கு பெட்டரி தேவைப்படாது. எப்படியும் வாங்கிறதெண்டா 100 வோட் அவருக்குள்ள இருக்கட்டும், அதை விடக் கூடினா விமானக் கொம்பனி அனுமதி வேணும், 160க்கு மேல ஏத்தவே மாட்டாங்க. தனிப் பெட்டரி லக்கேஜ்ல போடப்படாது, கையிலதான். என்னட்டக் கேட்டா, அந்தக் காசுக்கு மாஸ்க்கில முகத்தில படுற குசன் ஒண்டும் பின்பக்க ஃபில்டர் ரெண்டும் வாங்குங்க. குசன் கிழிஞ்சா அதே சைஸை மக்காவில தேடித் திரியிறது வாப்பாவுக்கு ஏலாத வேலை.