மழைக்குப் பிறகு லோராவான் கேட்வேயின் சிக்னல் குறைகிறது: பழுது எங்கே?

கேள்வி (பண்ணை மேற்பார்வையாளர், லிம் சூ காங், சிங்கப்பூர்):
வணக்கம். எங்கள் காய்கறிப் பண்ணையில் மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரிகளுக்காக ஏஎஸ்923 என்ற 923 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு லோராவான் கேட்வே (உணரிகள் குறைந்த மின்சாரத்தில் தொலைவிலிருந்து அனுப்பும் தகவல்களைப் பெறும் கருவி) வைத்திருக்கிறோம். கேட்வே அலுவலகக் கொள்கலனுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆண்டெனா கேபிள் 12 மீட்டர் நீளத்துக்கு, கம்பத்தின் உச்சியிலுள்ள ஆண்டெனாவுக்குச் செல்கிறது. கனமழை பெய்தால், கடைக்கோடியில் உள்ள உணரிகளின் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) மதிப்பு −4 டெசிபெலிலிருந்து −8க்கு இறங்கித் தகவல்கள் விடுபடுகின்றன. தொடர்ந்து வெயில் அடித்தால் ஓரளவு மீள்கிறது. கேட்வே முனையில் நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவீட்டுக் கருவி கொண்டு அளந்தபோது நிலையலை விகிதம் (1ஐ நெருங்க நெருங்க, திரும்பி வரும் அலை குறைவு) 1.2 என்றே வந்ததால், கேபிளிலும் ஆண்டெனாவிலும் குறையில்லை என்று கருதுகிறோம். ஒரு பெருக்கியைச் சேர்த்தால் சரியாகுமா?

பதில் 1:
உணரிகள் எஸ்எஃப்7இல் இயங்குகின்றன என நினைக்கிறேன் (எஸ்எஃப் என்பது அனுப்பும் வேக நிலை; எண் கூடினால் வேகம் குறைந்து, பலவீனமான சிக்னலும் எட்டும்); அதற்கு எஸ்என்ஆர் −7.5 டெசிபெல்தான் எல்லை. தற்காலிகமாக எஸ்எஃப்9க்கு மாற்றினால் ஏறத்தாழ 5 டெசிபெல் கூடுதல் இடம் கிடைக்கும், ஆனால் மின்கலம் விரைவில் தீரும்.

பதில் 2:
பெருக்கி வேண்டாம். கேபிளில் தொலைந்த சிக்னலைக் கீழ்முனையில் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

உங்கள் 1.2 என்ற அளவைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கருவி அனுப்பும் அலை கேபிளில் ஏறும்போது ஒரு முறையும், திரும்பி இறங்கும்போது மறுமுறையும் தேய்வதால், இழப்பு மிகுந்த கேபிள் எந்தக் குறையையும் மறைத்துவிடும். மேலே ஆண்டெனாவைக் கழற்றி, கேபிளின் முனையைத் திறந்தே விட்டுவிட்டுக் கீழிருந்து மீண்டும் அளந்து பாருங்கள். திறந்த முனை அலையை முழுவதும் திருப்பியனுப்புவதால், அப்போது வரும் திரும்பல் இழப்பில் (அனுப்பிய அலை திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்தது என்ற அளவு) பாதிதான் உங்கள் கேபிளின் ஒருவழி இழப்பு. உலர்ந்த நல்ல ஆர்ஜி-58 என்றால் இந்த நீளத்துக்கு 6 அல்லது 7 டெசிபெல் இருக்கும். இடி மின்னல் நாளில் கம்பத்தில் ஏற வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. திரும்பல் இழப்பு 21 டெசிபெல். ஆண்டெனா இல்லாமலேயே கருவி 1.2 என்று காட்டுகிறது! மேல்முனை இணைப்பியின் மேல் சாதாரணக் கறுப்பு டேப் மட்டுமே சுற்றப்பட்டிருந்தது. அதைப் பிரித்தபோது கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தது.

பதில் 2:
அப்படியானால் ஒருவழி இழப்பு 10.5 டெசிபெல், வருகிற ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட கேட்வேயை எட்டவில்லை. பின்னலுக்குள் புகுந்த நீர் திரியில் ஏறும் எண்ணெய்போல உள்ளே ஊர்ந்துவிடும் என்பதால், அந்தக் கேபிளை உலர்த்திப் பயன்படுத்த முயலாமல் கழித்துவிடுங்கள். அதே 12 மீட்டருக்கு எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் போட்டால் இழப்பு சுமார் 1.5 டெசிபெல்தான். அது விறைப்பான கேபிள். கேட்வேயின் எஸ்எம்ஏ முனையில் (சிறிய திருகு இணைப்பி) நேரடியாகத் தொங்கவிட்டால் அந்த முனை நாளடைவில் உடையும். இடையில் ஒரு குறுகிய, வளையும் இணைப்புக் கேபிள் வையுங்கள். அதை வாங்கும்போது ஆர்பி-எஸ்எம்ஏ வகையாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது எஸ்எம்ஏயுடன் திருகிப் பொருந்தினாலும் நடு ஊசி தொடாமலேயே இருக்கும்.

கம்பத்தின் மேலுள்ள ‘N’ வகை இணைப்பியைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் நன்கு இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் ஓடு வேய்ந்ததுபோல் நீரை வெளியே தள்ளும். அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பைச் சுற்றுங்கள். கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகி நழுவிவிடும். கொள்கலனுக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தாழ்த்தி வளைத்துவிட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்னல் தடுப்பானையும் நுழைவாயில் அருகே பொருத்தி, தடிமனான கம்பியால் நிலத்தில் இணையுங்கள்.

பதில் 3:
இழப்பு 9 டெசிபெல் குறைந்தால் கேட்வே அனுப்பும் ஆற்றலும் அதே அளவு உயரும். ஏஎஸ்923இன் இயல்பான உச்சம், ஆண்டெனாவின் ஆதாயத்தையும் (ஆற்றலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) சேர்த்து 16 டிபிஎம் (அனுப்பும் ஆற்றலின் அலகு) என்பதால், அமைப்புக் கோப்பில் ஆண்டெனா ஆதாயத்தையும் புதிய கேபிள் இழப்பையும் திருத்திய பிறகே கேட்வேயை இயக்குங்கள்.

கேட்டவர்:
புதிய கேபிளுக்குச் சொல்லிவிட்டேன். அது வரும்வரை கடைக்கோடி உணரிகள் எஸ்எஃப்9இல் ஓடட்டும்.