பழைய பேய்ப் படங்கள் பயமுறுத்துவது எதனால்? எப்படிப் பார்ப்பது? (நான்கு பேரின் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அரையிருட்டு

சிறந்த திகில் படங்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள்தான். ஏன் பயம் வருகிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. 'தூக்கம் போச்சு', 'வேற லெவல்' என்பதோடு சரி. 'தி ஹாண்டிங்' (1963), 'ஹாலோவீன்' (1978) இரண்டும் டிவியில் சப்பென்று இருக்கின்றன. ஒன்றில் பேய் கண்ணிலேயே படவில்லை, மற்றதில் கொலைகாரன் பாதி நேரம் சும்மா நிற்கிறான். கோளாறு படத்திலா, பார்க்கும் விதத்திலா? எந்த ஷாட், எந்தச் சத்தம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

கறுப்புவெள்ளை

முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள்.

'ஹாலோவீன்' 2.35:1 அகலத் திரைக்காக எடுத்த படம். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி. ஃபிரேமின் ஒரு பக்கத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், மறுபக்கத்து ஓரத்தில் கொலைகாரன் நிற்பான். பல ஷாட்களில் கேமரா அவனைத் தேடிப் போகாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிவியை நிரப்புவதற்காக ஓரங்களை வெட்டிய பிரதியில் அவனே காணாமல் போய்விடுவான், பெண்களின் அரட்டை மட்டும் மிஞ்சும்.

கடைசிப் பகுதியில் ஒரு ஷாட் இருக்கிறது. கதாநாயகி லாரி வாசலோரம் சாய்ந்து அழுகிறாள். பக்கத்து அறை முழு இருட்டு. அந்த இருட்டிலிருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரியவரும். அவன் நடந்து வரவில்லை, அதுவரை அங்கேயே நின்றிருக்கிறான். முகமூடிமேல் விழும் சின்ன விளக்கை டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், அவ்வளவுதான் வித்தை. டிவியில் பிரைட்னெஸை ஏற்றி, 'விவிட்' மோடில் வைத்தால் முகமூடி முதலிலிருந்தே சாம்பல் நிறத்தில் தெரியும். பிறகு என்ன பயம்? 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள், மோஷன் ஸ்மூதிங்கை (அசைவுகளைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் வசதி) அணையுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள்.

'தி இன்னசென்ட்ஸ்' (1961) இதே அகலத்தை நேரெதிராகப் பயன்படுத்தும். இயக்குநர் ஜாக் கிளேட்டனுக்கு சினிமாஸ்கோப்பில் விருப்பமில்லை, ஸ்டுடியோவின் கட்டாயம். அதனால் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் ஃபில்டர்களின் ஓரங்களில் வண்ணம் பூசி, படத்தின் இரு பக்கமும் இருளும்படி செய்தார். நடுவில் மெழுகுவர்த்தியோடு டெபோரா கெர், இருபுறமும் எதுவும் இருக்கக்கூடிய இருட்டு. ஆனால் அந்தப் படத்தில் குலைநடுங்க வைக்கும் உருவம் வருவது பட்டப்பகலில்: ஏரியில், தூரத்தில், நாணலுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். குளோசப் கிடையாது. தூரத்தில் இருப்பதால் முகம் பிடிபடாது, முகம் பிடிபடாததால் கண்ணை எடுக்கவும் முடியாது.

'தி ஹாண்டிங்' விஷயம் லென்ஸ். ராபர்ட் வைஸ் கேட்டு வாங்கியது பானாவிஷன் நிறுவனத்தின் 30 மி.மீ. அனமார்ஃபிக் லென்ஸ் (அகலத் திரைக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி பிலிமில் பதிவது). அது அப்போது முழுமை பெறாதது, ஓரங்களில் நேர்கோடு வளையும். குறை தெரிந்தே வாங்குவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சுவர்களும் தூண்களும் எங்கேயோ கோணலாக இருப்பதுபோல் உறுத்துவது அதனால்தான். கதவு உள்பக்கமாகப் புடைக்கும் காட்சி வெறும் மரவேலை: பலகைகளை ஒட்டிச் செய்த கதவை மறுபக்கத்திலிருந்து ஓர் ஆள் அழுத்தினார். 1999இல் இதையே மறுபடி எடுத்து, கணினி வரைகலையில் எல்லாவற்றையும் காட்டினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும்.

ஓசைப்பிரியன்

மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்கு. என் கணக்கில் பயத்தில் பாதிக்கு மேல் காதுக்குத்தான். 'தி ஹாண்டிங்'ல ராத்திரி அறைக்கு வெளியே இடிக்கிற சத்தத்தை முன்கூட்டியே பதிவு செஞ்சு, படப்பிடிப்பிலேயே ஒலிக்க விட்டாங்க. ஜூலி ஹாரிசும் கிளேர் ப்ளூமும் தலை திருப்புறது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

திடுக்கிட வைக்கிற உத்திக்கு மூலபாடம் 'கேட் பீப்பிள்' (1942). தயாரிப்பு வால் லூட்டன், இயக்கம் ஜாக் டூர்னர், எடிட்டிங் மார்க் ராப்சன். ராத்திரி பூங்கா ஓரமா ஒருத்தி நடக்கிறா, பின்னாடி இன்னொருத்தி. பின்னணி இசையே இல்லை, ரெண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம் மட்டும். மாத்தி மாத்தி ரெண்டு பேரையும் காட்டுறாங்க. ஒரு கட்டத்துல பின்னாடி வர்ற காலடி நின்னுடும். முன்னால போறவ வேகம் கூட்டுறா, திரும்பிப் பார்க்கிறா, யாரும் இல்லை. அப்போ புலி சீறுற மாதிரி ஒரு சத்தம்! வந்து நிக்கிறது ஒரு பஸ், அதோட பிரேக் சத்தம். இன்னிக்கும் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்'னுதான் சொல்றாங்க. ஒண்ணு கவனிங்க: சத்தம் வந்ததால மட்டும் பயம் வரலை. காலடி நின்ன பிறகு நம்ம காது எதையோ தேடிக்கிட்டு இருந்தது, அந்தத் தேடலுக்குள்ள வந்து விழுந்ததாலதான் வேலை செஞ்சது. இப்போ வர்ற பல படங்கள் மௌனத்தை விட்டுட்டு பஸ்ஸை மட்டும் எடுத்துக்கிச்சு. திடுக்கிடுவோம், அடுத்த நிமிஷம் பாப்கார்னைத் தேடுவோம்.

'ஹாலோவீன்' இசை அதன் இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே போட்டது, 5/4 தாளம். கண்ட சாபுவுக்குத் தலையாட்டிப் பழகினவங்களுக்கு ஐந்து எண்ணிக்கை புதுசில்ல. நாலு நாலாகவே கேட்டுப் பழகின காதுக்கு ஒவ்வொரு சுற்றும் கால் தடுக்கின மாதிரி இருக்கும்.

'சைக்கோ' (1960)வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வச்சு இசையமைச்சார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் முதல்ல சொல்லியிருந்தார், கேட்ட பிறகு மனசை மாத்திக்கிட்டார்.

'தி ஷைனிங்' (1980)ல பையன் மூணு சக்கர வண்டி ஓட்டுற காட்சியைக் கண்ணை மூடிக் கேளுங்க. மரத்தரையில கடகட, கம்பளத்துல ஏறினதும் மௌனம், மறுபடி கடகட. அடுத்த திருப்பத்துல யார் இருக்காங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே காது தயாராயிடும்.

சவுண்ட்பாரில் 'நைட் மோட்' போட்டிருந்தா உடனே எடுங்க. அது சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். 'கேட் பீப்பிள்' பஸ்ஸும் காலடியும் ஒரே மட்டத்துல கேட்டா எல்லாம் வீண்.

நடுச்சாமம்

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் 'காட்டாமல் விடுவதே கலை' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'தி டெக்சஸ் செயின் சா மாசகர்' (1974) படத்தில் ஒரு இளைஞன் ஆள் இல்லாத வீடு என்று நினைத்து உள்ளே போகிறான். முகமூடிக்காரன் குறுக்கே வந்து சுத்தியலால் ஓர் அடி. உடல் துடிக்கிறது, உள்ளே இழுத்துப் போட்டு உலோகக் கதவை அறைந்து மூடுகிறான். தயார்ப்படுத்தும் இழுவை எதுவும் இல்லை. பட்டப்பகல், சில நொடிகளில் முடிந்துவிடும். கசாப்புக்கடைக்காரன் வேலை பார்ப்பதுபோல் பார்க்கிறான் என்பதுதான் அதில் உள்ள கொடூரம். இத்தனைக்கும் படத்தில் ரத்தம் மிகக் குறைவு, ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியில்கூட கொக்கி உடலில் இறங்குவதைக் காட்டவில்லை.

'சைக்கோ'வையும் குளியலறையோடு நிறுத்திவிடக் கூடாது. 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று அந்த ஒரு காட்சியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியம் அடுத்து வருவது. 109 நிமிடப் படத்தில் கதாநாயகியைப் பாதிக்கு முன்பே கொன்றாகிவிட்டது, இனி யாரைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இருக்கிறோம். விடுதிக்காரன் நார்மன் தரையைத் துடைத்து, காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் 'ஐயோ, மூழ்கிவிடேன்' என்று நாமும் தவிக்கிறோம். ஒரு கொலையை மறைக்க உதவிய மனநிலைக்கு நம்மைக் கொண்டுவந்தாயிற்று!

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973)டில் பேய் பிடித்த சிறுமியின் தலை திரும்புவதைவிட அதிகம் பேரை நெளிய வைப்பது ஆஸ்பத்திரிக் காட்சி: கழுத்தில் ஊசி ஏற்றும் பரிசோதனை. அதில் பேயே இல்லை. அதை நம்பிவிட்டதால்தான் பிறகு படுக்கையறையில் நடப்பதையும் நம்புகிறோம். அந்த அறையைக் குளிரூட்டி உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்கள், நடிகர்கள் வாயிலிருந்து வரும் ஆவி நிஜம்.

பட்டியலில் இருப்பதாலேயே எல்லாம் பயமுறுத்தும் என்றும் இல்லை. 1931 'டிராகுலா' வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டிய படம். கோட்டைப் பகுதி தாண்டியதும் மேடை நாடகமாகிவிடும், பின்னணி இசையும் கிட்டத்தட்ட இல்லை. அதே அரங்குகளில் இரவு நேரத்தில் ஸ்பானிய மொழியில் எடுத்த பதிப்பில் கேமரா இதைவிட உயிரோடு நகரும்.

அரையிருட்டு

நன்றி. என் டிவி 'விவிட்' மோடில்தான் கிடந்தது, நைட் மோடும் போட்டிருந்தது. மௌனப் படம் ஏதாவது சேர்க்கலாமா? ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடைக்கின்றன, எதை எடுப்பது?

கறுப்புவெள்ளை

'நொஸ்ஃபெராட்டு' (1922) பாருங்கள், ஆனால் வண்ணச்சாயம் ஏற்றிய மீட்டெடுத்த பிரதியாக மட்டும். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் வெறும் கறுப்புவெள்ளைப் பிரதிகளில் வெயில் பட்டால் அழியும் ரத்தக்காட்டேரி, நல்ல வெயிலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலாத்துவான். வேகத்தையும் பாருங்கள். எல்லாரும் ஓட்டமும் நடையுமாக இருந்தால் நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம், அந்தப் பிரதியை விடுங்கள். குதிரை வண்டி விறுவிறுவென்று போவது மட்டும் வேண்டுமென்றே செய்தது.

'தி எக்ஸார்சிஸ்ட்' 122 நிமிடப் பழைய பதிப்பு. 2000இல் வந்த 132 நிமிடப் பதிப்பில் பேய் முகத்தைக் கூடுதலாக இரண்டு மூன்று இடத்தில் திணித்திருக்கிறார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் வந்துபோவதுதான் அந்த முகத்தின் பலம். 'தி ஷைனிங்' 144, 119 நிமிடம் என இரண்டு நீளத்தில் கிடைக்கும். முதல் தடவைக்கு 144.

வரிசை கேட்டால்: 'கேட் பீப்பிள்', 'சைக்கோ', 'தி இன்னசென்ட்ஸ்', 'ஹாலோவீன்', பிறகு 'தி ஹாண்டிங்'. காத்திருக்கப் பழகியபின் கடைசியாக அதைப் பார்ப்பது நல்லது.

ஓசைப்பிரியன்

சப்டைட்டில் வேணும்னா வசனம் மட்டும் வர்றதைத் தேர்ந்தெடுங்க. காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலில் 'கதவு கிரீச்சிடுகிறது', 'அலறல்'னு சத்தங்களும் எழுத்தா வரும். பல நேரம் சத்தத்துக்கு அரை நொடி முன்னாடியே வந்து நிக்கும்.